கடைக்குட்டியின் முறை

அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. சூசையப்பர், மாதா, இடையர்கள், ஒரு கால் உடைந்த ஒட்டகம் எல்லோரும் முன்பே வந்து நின்றுவிடுவார்கள். குழந்தை இயேசுவான பாலன் மட்டும் வரமாட்டார். கிறிஸ்துமஸ் காலை ஜெபம் முடிந்ததும் வீட்டின் கடைக்குட்டி தன் கையால் பாலனைக் கிடத்த வேண்டும். கேக், சாப்பாடு எல்லாம் அதற்கப்புறம்தான். அம்மாவின் பிறந்த வீட்டு வழக்கம் அது. கடல் தாண்டி வந்தபோதுகூட விரல் நீள மண் பாலனைத் தன் பழைய முக்காட்டுத் துணியில் சுற்றி, மற்ற பெட்டிகளோடு சேர்க்காமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள்.

இந்த வருஷம் குடிலைப் பற்றி அவள் பேசவே இல்லை. மழைக்காலத் தொடக்கத்தில் மூன்றாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனவள், வெறுங்கையோடு திரும்பினாள். அன்றிலிருந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மடித்த துணியைப் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள். சமைத்தாள், குழந்தைகளைக் குளிப்பாட்டினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். குழந்தையின் அடக்கம் முடித்துத் திரும்பிய அன்று, வாசலிலேயே இரண்டு குழந்தைகளும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவளுக்கு ஏழு வயது. எல்லோரையும் அதட்டுவதால் 'டீச்சரம்மா' என்று பெயர். சின்னவன் சுண்டுவுக்கு நாலு நடக்கிறது.

"பாப்பா எங்கப்பா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். "ஆஸ்பத்திரியில தூங்குது. கிறிஸ்துமஸுக்கு வந்துடும். அம்மாகிட்ட மட்டும் இதப் பத்திக் கேக்கக் கூடாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

அதற்குள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தார். பிள்ளைகளின் அழுகையை நிறுத்துவதற்காகச் சொல்லும் பொய் நமக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது. அவர்களோ அதை வைத்துக்கொண்டு நாள் எண்ணுகிறார்கள்.

டிசம்பர் பிறந்ததும் டீச்சரம்மாவே குடில் கட்டினாள். லிஃப்ட் கதவுக்கான உருளைகள் வந்த அட்டைப்பெட்டியைப் படுக்கப்போட்டாள். அதற்குள் இருந்த கிழித்த காகிதம் வைக்கோலாயிற்று. நடுவில் ஒரு சோப்பு டப்பாவை வைத்தாள். "இது பாப்பா வைக்கிற பாலனுக்கு" என்று சுண்டுவிடம் ரகசியமாகச் சொன்னாள். அம்மா ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் அன்றும் அப்பாவுக்கு மதியம் வேலை. காலையில் டாக்ஸி மாமா வந்தார். எதிர்க் கட்டடத்தில் தனியாக இருப்பவர், டாக்ஸி ஓட்டுகிறார். நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு வருஷம் தவறாமல் இந்த வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வந்து உட்காருவார். கேக் டப்பாவோடு நாலு மாடி ஏறி, கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"ஏன் மாப்ள, ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் உங்க கை பட்டா ஓடுது. உங்க வீட்டு லிஃப்ட் மட்டும் என்ன, விரதமா?"

"அது வேற கம்பெனி காண்ட்ராக்ட் மாமா. நான் தொட்டா கேஸ் போடுவான்."

"நல்லாருக்கு. டாக்டர் வீட்டுல காய்ச்சல் வந்தா அவரே ஊசி போடக் கூடாதுங்கற மாதிரி. தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடும்மா. செத்தா இந்த மாடிப்படியில எம்பேர எழுதி வைங்க."

வேறொரு வருஷமாக இருந்தால் அம்மா, "படியில இல்லண்ணா, அந்த லிஃப்ட்லயே எழுதி வைக்கிறோம்" என்று திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள்.

எல்லோரும் குடிலின் முன்னால் முழங்காலிட்டார்கள். மாமா பின்னால் கைகட்டி நின்றார். டீச்சரம்மா ஜெபம் சொன்னாள். பாதியில் சுண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தான்.

ஜெபம் முடிந்தது. அப்பா பழைய முக்காட்டுத் துணியைப் பிரித்துப் பாலனை எடுத்துச் சுண்டுவிடம் நீட்டினார்.

"வைடா கண்ணா."

சுண்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "மாட்டேன். நான் அண்ணன்."

"அவன் வைக்கக் கூடாதுப்பா" என்றாள் டீச்சரம்மா. "கடைக்குட்டிதான் வைக்கணும். நீங்கதானே சொன்னீங்க..."

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அம்மாவுக்கு எதிரில் பேசக் கூடாதது நினைவுக்கு வந்துவிட்டது.

"என்ன சொன்னார்?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா."

"என்ன சொன்னார்னு கேக்கறேன்ல?"

அக்காவுக்குப் பதிலாகச் சுண்டு சொன்னான். "பாப்பா ஆஸ்பத்திரியில தூங்குது. இன்னிக்கு வரும். அதுதான் வைக்கும். என் போர்வையக் கூட எடுத்து வச்சிருக்கேம்மா. குத்தாது. நல்ல போர்வை."

அப்பா கையில் பாலனோடு அப்படியே நின்றார். அம்மா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அவள் கத்துவாள் என்று மாமா பயந்தார். அவள் கத்தவில்லை. இரண்டு குழந்தைகளையும் அருகில் இழுத்துக்கொண்டாள்.

"பாப்பா வராதுடா. பாப்பா செத்துப்போச்சு."

டீச்சரம்மா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் சாகும்வரை மறக்கமாட்டார்.

"எப்பம்மா?"

"பிறக்கும்போதே."

"அதுக்குப் பேரு என்ன?"

"பேரு யாரு வைக்கிறது?" அம்மாவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "உயிரே இல்லாம பிறந்துச்சாம். அதுக்கு ஞானஸ்நானம் ஏது, பேரு ஏது? தலையில ஒரு சொட்டுத் தண்ணி விழல. யாரும் தூக்கியிருக்கக் கூட மாட்டாங்க. துணியச் சுத்தி ஓரமாப் போட்டிருப்பாங்க."

ஜன்னல் ஓரத்தில் அத்தனை நாளும் அவள் மடித்து மடித்துப் பிரித்தது இதைத்தான்.

மாமா தொண்டையைச் செருமினார். "மாப்ள. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? எனக்கு இனிமே முடியாது. தங்கச்சி முகத்தைப் பாத்துக்கிட்டு இந்த வீட்டுல சோறு இறங்க மாட்டேங்குது."

"என்னது?" என்றாள் அம்மா.

அப்பா அவளுக்கு எதிரே மண்டியிட்டார். சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்.

"உயிரோடதான் பிறந்துச்சு."

அம்மாவின் கை குழந்தைகளின் தோளிலிருந்து நழுவியது.

"கொஞ்ச நேரம்தான். பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எங்கிட்ட குடுத்தாங்க. நான் வேலையிலிருந்து மாமா டாக்ஸியில அப்படியே ஓடி வந்திருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில கிரீஸ் வாசனை போகல. அந்தக் கையாலதான் தூக்கினேன். சாமியாரைக் கூப்பிட நேரமில்ல. நானே ஊத்தினேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால."

"பேரு?"

"நீ நெனச்சு வச்சிருந்த பேருதான்."

"கண்ணைத் தொறந்துச்சா?"

"ஒரு தடவ."

"நான் எங்க இருந்தேன்?"

"ஆபரேஷன் மயக்கத்துல. பக்கத்து ரூம்ல."

அம்மா கையை ஓங்கினாள். அது அவர் தோளில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அவர் தடுக்கவில்லை. சுண்டு அழத் தொடங்கினான். டீச்சரம்மா அவன் காதுகளைப் பொத்தினாள்.

"எதுக்கு மறைச்சீங்க? எதுக்கு?"

"உயிரோட இருந்துச்சுன்னு தெரிஞ்சா, ஒரு தடவ கூடத் தூக்கலியேன்னு காலம் பூரா அழுவியேன்னு..."

"அழுவேன். அழட்டுமே! அதுக்கு அழ என்னை விட்டா யாருங்க இருக்கா?"

அவர் அன்பினால்தான் மறைத்தார். ஆனால் அந்த அன்பு தன் மனைவியை இத்தனை நாள் ஒரு பொய்யின் முன்னால் தனியாக உட்கார வைத்துவிட்டது என்பதை அப்போதுதான் கண்டார். ஆண்டவர் மன்னிப்பார். இவள் மன்னிப்பாளா என்பது தெரியவில்லை. இன்றைக்கு மன்னிக்கமாட்டாள்.

வெகுநேரம் அழுதாள். அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. மாமா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அவர் உட்கார்ந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"மாமாதான் வாங்கிட்டு வந்தார். கீழ வராண்டாவுல, காசு போட்டா பாட்டில் வர்ற மெஷின்ல."

"மெஷின்லயா? சில்லுனு இருந்திருக்குமே. ஐயோ, பச்ச உடம்பு. நடுங்கிச்சா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். நடுங்கியதா என்பது அப்பாவுக்கே தெரியாது. அவருக்கு நினைவிருந்ததெல்லாம் கையில் கிடந்த எடை மட்டும்தான்.

"இல்லம்மா" என்றார் மாமா. "மெஷின்ல வந்தப்ப ஐஸாட்டம்தான் இருந்துச்சு. எனக்கு உங்க சடங்கு ஒண்ணும் தெரியாது. பச்சப்புள்ள தலையில ஊத்தப் போறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுச்சு. பாட்டில சட்டைக்குள்ள போட்டு நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். மாடி பூரா அப்படியேதான் ஏறினேன். மாப்ள கையில குடுக்கும்போது நல்லா வெதுவெதுன்னு இருந்துச்சு. பாப்பா நடுங்கல தங்கச்சி. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டி, கணவனின் விரல்களுக்குள் இருந்த பாலனை வாங்கிக்கொண்டாள்.

"சுண்டு, இங்க வா."

அவன் தயங்கித் தயங்கி வந்தான். "அப்ப நான் அண்ணன் இல்லியா?"

"அண்ணன்தான். பாப்பாவுக்குப் பேரு இருக்கு. அண்ணன், அக்கா எல்லாம் இருக்காங்க. அதால வந்து வைக்க முடியல. அதுக்காக நீ வை."

சுண்டு பாலனை வாங்கினான். குடிலுக்கு அருகே போய் நின்றான். ஆனால் வைக்கவில்லை. மண் பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு புதுச் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து, பாலனை உள்ளே போட்டு, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா பண்ற?" என்றாள் டீச்சரம்மா.

"சில்லுனு இருக்கு. கொஞ்சம் இருங்க."

மாமா முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். வேலைக்குக் கிளம்பும் நேரம் ஆகியிருந்தது. எழுந்திருக்கப் போனவரின் சட்டை நுனியை, அவர் பக்கம் திரும்பாமலேயே, அம்மா பிடித்து நிறுத்தினாள்.

அவர் உட்கார்ந்தார். காலியான சோப்பு டப்பாவைப் பார்த்தபடி எல்லோரும் காத்திருந்தார்கள்.