கிரந்தி என்றார் டாக்டர்

தாராவியில் பழைய சாக்குக் கடை வைத்திருந்த மாசானத்துக்கு அறுபது வயதுக்கு மேல் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு சேசுராஜுக்கு இந்தி நன்றாக வரும் என்பதால், அவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். வடக்கத்தி டாக்டர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு செய்த பரிசோதனையைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று வெளியே வந்ததும் சேசுராஜிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சத்தியம் வாங்காத விஷயத்தை அவன் வாசலிலேயே சொல்லிவிட்டான்.

"டாக்டர் என்ன சொன்னாரு தம்பி?" என்று கேட்டாள் மாசானத்தின் மனைவி பிச்சம்மாள்.

"கிரந்தியாம் மைனி. சதையை வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருக்காரு. அடுத்த வாட்டி உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

கிரந்தி என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான். கெட்ட சகவாசத்தில் வருகிற புண். பொண்டாட்டியையும் வரச் சொன்னால் அப்புறம் சந்தேகம் என்ன இருக்கிறது?

"சாக்கு வாங்கப் போறேன், சாக்கு வாங்கப் போறேன்னு காட்கோபருக்குப் போனதெல்லாம் ஒரு சாக்குதானா?"

"ஏளா, சாக்குதான் வாங்கினேன். மூட்டை மூட்டையா வந்து எறங்குனதை நீ பாக்கலையா?"

பிச்சம்மாள் அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. மாசானம் ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"மூத்திரம் அடைச்சு செத்துப் போவிய அண்ணாச்சி" என்றான் சேசுராஜ்.

"சாவுதேன். மருந்து தின்னா நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா?"

அவர் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிச்சம்மாள்தான் கடைசியில் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "கெளம்புங்க. டாக்டர் வாயால கேட்டுட்டு மிச்சத்தைப் பேசிக்கிடுதேன்."

ஆஸ்பத்திரியில் சேசம்மாள் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். ஊர்ப் பக்கத்து நாசரேத்துக்காரி. பிச்சம்மாள் அவள் காதில் விஷயத்தைச் சொன்னதும், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அய்யோ அக்கா, இந்தியில கிரந்தின்னா சுரப்பி. ஆம்பிளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழ நெல்லிக்கா கணக்கா ஒண்ணு இருக்கும். அது வீங்கிருக்கு."

"எல்லா ஆம்பிளைக்கும் உண்டா?"

"பாதிரியாருக்கும் உண்டு."

பிச்சம்மாள் சுடலைமாடனை நினைத்துத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டெஸ்ட் காகிதத்தைப் பார்த்து டாக்டர் இந்தியில் சொன்னதை சேசம்மாள் சிரிக்காமல் சொன்னாள். "அதுல புத்துநோய் இருக்குக்கா."

"அம்புட்டுதானா?" என்றாள் பிச்சம்மாள்.

மாசானம் அவளைப் பார்த்தார். "ஏளா, புத்துநோய்னு சொல்லுதா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள். நோயை அடியோடு தீர்க்க முடியாது, ஆனால் மாத்திரையால் அடக்கி வைக்கலாம், அப்படி வருஷக்கணக்கில் கடை கண்ணிக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். அந்த மாத்திரையில் இருப்பது பெண்கள் உடம்பில் சுரக்கிற சத்து. மார் வலிக்கும், குமட்டும். தாம்பத்தியமும் இருக்காது. இதைச் சொல்லத்தான் மனைவியையும் வரச் சொன்னாராம்.

"பொம்பளை மருந்தா? எனக்கு வேண்டாம்" என்று மாசானம் எழுந்துவிட்டார்.

"இம்புட்டு வருசமா நான் பொம்பளையாத்தான் இருக்கேன். செத்தா போயிட்டேன்?" என்றாள் பிச்சம்மாள். "உக்காருங்க."

உட்கார்ந்தார்.

மாத்திரை வேலை செய்தது. சிறுநீர் தாராளமாகப் போயிற்று. ஆனால் சட்டை உரசினால் மார் வலித்தது. காலையில் கடை திறந்ததும் குமட்டியது. சேசுராஜ் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வீட்டுல விசேசமா?" என்று கேட்டுவிட்டு ஓடினான்.

"ஏளா, இந்தக் குமட்டலை எப்படித்தான் தாங்குததோ" என்றார் மாசானம்.

"நாலு பிள்ளைக்கும் எனக்கு இப்படித்தான் இருந்துச்சு. அப்போ நீங்க என்ன சொன்னிய?"

"என்ன சொன்னேன்?"

"சாக்குல பட்டுறாம அங்கிட்டுப் போயி வாந்தி எடுன்னிய."

மாசானம் சாக்குகளைப் பார்த்தார். பிச்சம்மாள் உள்ளே போய், ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"கடிக்காதிய. வாயில அடக்கிக்கிடுங்க."