ஞானசிகாமணியின் ஈரலை நான் பாதுகாத்த விதம்

என் பெயர் அடிக்கப்பட்டுப் பதினொரு வருடம் ஆனதும் பழிவாங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். பத்து வருடம் முடிந்தவர்களிடம்தான் மனு வாங்குவார்கள்.

அந்த அலுவலகத்தின் நடைவழி மனுதாரரின் ஆத்திரத்துக்கு ஏற்றபடி நீளும். எனக்கு முன்னால் போனவர் பத்தடியில் மேஜையை அடைந்துவிட்டார். நான் ஒன்பது மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மேஜையில் அதிகாரி ரெஜினா இருந்தார். பழிவாங்கல் பிரிவு முழுவதும் அவர்தான்.

"பேரு?"

"இல்லீங்க. மனுவே அதுக்குத்தானுங்க."

"யாரு அடிச்சது?"

"ஞானசிகாமணி. ஆராய்ச்சிக்கூடத்துல எனக்கு மேலதிகாரி."

நடந்ததைச் சொன்னேன். ஏழு வருடம் நான் எலிகளோடு இருந்தேன். கொழுப்புத் தீனி போட்டு அவற்றின் ஈரலில் கொழுப்பு படிய வைப்பேன். அப்படிப்பட்ட ஈரல் சின்னக் காயத்தைக்கூடத் தாங்காது. ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தித் திறந்தால் பாதி எலிகள் செத்துவிடும். கிரீன் டீயின் கேட்டசினைக் கலந்து குடித்த எலிகள் பிழைத்தன. கேட்டசின் என்பது அந்த இலையின் துவர்ப்பு. அதைக் கண்டது நான். கட்டுரை அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள், ஞானசிகாமணி என் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார்.

கோடு அழுத்தமாக விழுந்துவிட்டது. ரேஷன் கார்டிலும் விழுந்தது. கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் இடம் வெள்ளையாகிவிட்டது. என் கணவர் "இந்தா" என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டார். என் அம்மா என்னைக் கூப்பிட வாயைத் திறப்பாள். கொட்டாவிதான் வரும். எனக்கும் என் பெயர் நினைவில் இல்லை.

ரெஜினா எழுதி முடித்தார். "கேஸ் சுத்தமா இருக்கு. ஈரல்ல ஒரு குத்து. நாலு மில்லிமீட்டர் ஆழம். சம்மதமா?"

"சம்மதமுங்க."

ஞானசிகாமணியை வரவழைத்தார்கள். அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை. மூன்றே எட்டில் வந்துவிட்டார். ரெஜினா அவருடைய சட்டையை விலக்கி, வலது விலா எலும்புக்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஈரல் மஞ்சள் பூத்து வீங்கியிருந்தது. நேற்றைய வடை மாதிரி எண்ணெய் மின்னியது.

"இதுல குத்தக் கூடாதும்மா. தாங்காது. நீங்க கேட்டது காயத்துக்கு. சாவுக்கு ஃபாரம் வேற."

"அப்ப என்னங்க பண்றது?"

"ஈரலைச் சரிபண்ணிக் கூட்டிட்டு வாங்க. அது மனுதாரர் பொறுப்பு."

ஞானசிகாமணி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மணி யாருங்க?"

"உங்களுக்கு டீ போடறவங்க," என்றார் ரெஜினா.

மறுநாளிலிருந்து வடவள்ளியில் அவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீரைக் கொதிக்க விடமாட்டேன். இலை மூன்று நிமிடம் ஊறும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர், ஒரு நாளைக்கு மூன்று முறை. பரோட்டாவை நிறுத்தினேன். பிராந்தி பாட்டில்களை ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். அவை தெருமுனை வரை வரிசையாகப் போய் மறைந்தன. காலையில் அவரை வராந்தாவில் நடக்க வைத்தேன். வராந்தாவைத் தினமும் கொஞ்சம் நீட்டினேன். வடவள்ளியில் அப்போது இடம் இருந்தது.

என் கைப்பையில் வேறொரு பாட்டிலும் இருந்தது. அதே இலையிலிருந்து எடுத்த கெட்டிச் சாறு, பொடியாக்கியது. வெறும் வயிற்றில் அளவுக்கு மீறிக் கொடுத்தால் அதே ஈரலைக் கெடுக்கும். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எலிகள் சொல்லிக்கொடுத்திருந்தன. ஒரு வாரம் அந்தப் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே டீ போட்டேன். ஆனால் அப்படிச் செய்தால் அவரைத் தேயிலை பழிவாங்கியதாக ஆகிவிடும். பழி என்னுடையது. பொடியைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். தொட்டி அன்று முழுக்க முனகியது.

"பெத்த பொண்ணுகூட என்னை இப்படிப் பாத்துக்க மாட்டாளுங்கம்மணி," என்றார் ஞானசிகாமணி. அவர் கண் கலங்கியிருந்தது. நான் டம்ளரை நசுக்கப் பார்த்தேன். எவர்சில்வர். கைதான் வலித்தது.

பன்னிரண்டு வாரம் கழித்து ரெஜினா கதவைத் திறந்தார். ஈரல் கருஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தது. "நல்லா கொண்டு வந்திருக்கீங்க," என்று என் கையில் ஊசியைக் கொடுத்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

"பழிவாங்குபவர் பேரு?"

"இல்லீங்களே."

"பேரில்லாமக் குத்தினா விபத்துன்னுதான் எழுத முடியும். அடிச்சவரு சொல்லட்டும்."

இருவரும் ஞானசிகாமணியைப் பார்த்தோம்.

"இவங்க பேருங்களா? தெரியாதுங்களே."

நான் ஆராய்ச்சிக்கூடத்தைச் சொன்னேன். எலிகளைச் சொன்னேன். சிவப்புக் கோட்டைச் சொன்னேன். அவர் அனுதாபத்தோடு கேட்டார்.

"நெறையப் பேரு பேரை அடிச்சிருக்கேனுங்க. இதுல எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பின்னால் நடைவழி நீளும் சத்தம் கேட்டது. அதில் நின்றிருந்தவர்கள் கத்தினார்கள்.

"அவகாசம் வேணுங்க," என்றேன்.

"எத்தனை நாளு?"

"இவருக்கு ஞாபகம் வர்ற வரைக்கும்."

ரெஜினா முத்திரையை மையில் தோய்த்து ஈரலின் மேலேயே குத்தினார். "அதுவரைக்கும் இவரு சாக முடியாது."

"நல்லதுதானுங்களே," என்றார் ஞானசிகாமணி.

எண்பத்திரண்டாவது வயதில் அவருடைய நண்பர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நூற்றுமூன்றில் அவர் மகள் கிழவியாகிச் செத்தாள். நூற்றுப்பதினாறில் அவர் முழங்கால்கள் கதவுக்கீல்களாகிவிட்டன. வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டேன். ஈரல் மட்டும் இருபது வயதுப் பையனுடையதுபோல் இருந்தது. மருத்துவர்கள் வந்து அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மனு நிலுவையில் இருப்பவர்களுக்கு வயது ஏறுவதில்லை. என் மகள் எனக்குத் தங்கை மாதிரி ஆனாள். பிறகு அக்கா மாதிரி ஆனாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் கன்னத்தைத் தடவினாள்.

"போதும், விட்டுரும்மா. உனக்குன்னு யாரும் இல்லாமப் போயிருவாங்க."

"அவர் சொல்லட்டும்," என்றேன். அவளை எரித்த அன்றும் மூன்று டம்ளர் போட்டேன்.

ஞானசிகாமணி தினமும் காலையில் கெஞ்சுவார். "விட்டுருங்கம்மணி. முடியலை."

"பேரைச் சொல்லுங்க."

"சரோஜினியா?"

"இல்லை."

"தனபாக்கியம்?"

"இல்லை. குடிங்க."

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பூங்கோதை."

யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. என் காது இரண்டும் சுட்டன. ஏழு வயதில் மாடிப்படியில் ஓடும்போது, கீழேயிருந்து யாரோ அப்படிக் கூப்பிட்டது கேட்டது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதானுங்களே? அம்மணி, அதானுங்களே?"

ஊசி என்னிடம்தான் இருந்தது. நாலு மில்லிமீட்டர். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"இல்லை," என்றேன். டம்ளரை நிரப்பினேன். "ஆறிப்போறதுக்குள்ள குடிங்க."