சாரத்துக்கு வந்த ஒல்லி மெஷின்

பொருள்கள் மெலிய மெலியத்தான் மனித நாகரிகம் உயர்கிறது என்பது ரஃபாயேலின் கொள்கை. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். வருஷத்துக்கு வருஷம் அவர் பெருத்துக்கொண்டே போனது கொள்கையைப் பாதிக்கவில்லை.

ஊரின் சாரம் பகுதியில் வீட்டு முன்னறையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். கூட்டம் தேய்ந்து, ஷேர் ஆட்டோ ஓட்டும் வினோத்குமாரும் அவன் கூட்டாளிகளும்தான் மிச்சம். மனைவி ஜொசியான் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டார்: ஆயுத பூஜைக்குள் அறை நிரம்பாவிட்டால், பியூட்டி பார்லர் வைக்க இடம் கேட்கும் வசந்தாவுக்குக் கொடுத்துவிடுவேன். அறை போனால் ரஃபாயேல் பகலெல்லாம் ஜொசியானுக்கு வீட்டுக்காரர் மட்டும்தான். கடையில்தான் அவர், பிரெஞ்சு மரியாதையோடு, முசியே.

கடையின் வீடியோ கேம் மெஷின் தடியாக இருப்பதுதான் குறை என்று அவர் கண்டுபிடித்தார். அதே மெஷின் அப்போது ஒல்லியாக வந்திருந்தது. 2005 ஆகஸ்டு லீவுக்குப் பாரிசிலிருந்து வந்த மச்சான் ஃபாபிரிஸ் ஒன்று வாங்கிவந்தார். உள்ளே ஓடும் விளையாட்டெல்லாம் பழையதுதான், உடம்புதான் இளைத்திருக்கிறது என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வெல்வெட் துணி போர்த்தித் திறப்பு விழா நடந்தது. ரஃபாயேல் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் உரையாற்றினார். முடிவில், இனி தேவையில்லை என்று, தடி மெஷினை வினோத்குமாருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தார்.

வந்தவர்கள் ஒல்லியைக் கையில் தூக்கிப் பார்த்தார்கள். டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை என்றார்கள். பிறகு வழக்கமான கிரிக்கெட் டிஸ்கைப் போட்டார்கள். அது திருட்டுக் காப்பி டிஸ்க். மெஷின் ஏற்கவில்லை.

"தடியன்ல ஓடுச்சே, முசியே" என்றான் வினோத்குமார்.

தடியனில் சென்னைக் கடைக்காரன் ஒரு சிப் வைத்து விற்றிருந்தான். எந்தக் காப்பியும் ஓடும். ரஃபாயேலைத் தவிர எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது.

ஃபாபிரிஸ் கொண்டுவந்த ஒரே ஒரிஜினல் டிஸ்க் கார் ஓட்டுகிற விளையாட்டு. வழியெல்லாம் பிரெஞ்சில் சொல்லும். ரஃபாயேல் பின்னால் நின்று மொழிபெயர்ப்பார். இடது பக்கம் திரும்பச் சொல்கிறான் என்று அவர் முடிப்பதற்குள் கார் சுவரில் இருக்கும். காலையிலிருந்து கதிர்காமத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஆட்டோ ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கு சாயங்காலமும் வண்டி ஓட்டத் தெம்பில்லை. ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள்.

வினோத்குமாருக்கே மனசு கேட்கவில்லை. ஒல்லிக்கும் சிப் வைக்கத் தெரிந்த ஆள் இருக்கிறான், பின்னால் ஒட்டியிருக்கும் சீலைப் பிரித்தால் போதும் என்று வந்து சொன்னான்.

"வச்சுத் தொலைங்களேன்" என்றார் ஜொசியான். "வசந்தாகிட்ட வேற எடம் பாத்துக்கன்னு சொல்லிட்றேன்."

ரஃபாயேல் நிமிர்ந்து நின்றார். "பிரான்சுல ஒட்டுன சீல் இது. இத பிரிக்க எனக்குக் கை வராது."

"சரி. அப்ப அத வச்சிக்கிட்டு கூடத்துல உக்காருங்க."

அந்த வாரமே கூட்டம் அலைமோதியது, வினோத்குமார் வீட்டில். ஆயுத பூஜையன்று வசந்தா முன்னறையில் கண்ணாடி மாட்டிப் பொட்டு வைத்தாள். ஒல்லி மெஷின் சீல் பிரியாமல் பீரோவுக்குப் போனது.

கூடத்தில் ரஃபாயேல் ஒரு வாரம் தாங்கினார். இப்போது சாயங்காலமானால் வினோத்குமார் வீட்டுக்குப் போகிறார். முதல் நாள் நாற்காலி போட்டார்கள். இப்போது பாயில் மற்றவர்களோடு உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கிறார். காப்பி டிஸ்கைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. கிரிக்கெட்டில் அவர் இன்னும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை.