உறவினர் கையெழுத்து

எழுபத்து நான்கு வயதில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கை நீட்டினேன். ராஜபாளையத்தில் எங்கள் குடும்பத்தை அறியாதவர் இல்லை என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நோய் இல்லை என்று முடிவு வந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பரிசோதனை இல்லாமல் அங்கே நடக்கும் மருந்து ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டார்கள்.

என் விரல் மூட்டுகள் வீங்கிச் சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆகிறது. மனைவி இறந்து ஆறு வருடம். மகன் கோயம்புத்தூரில். பொத்தான் திறந்த சட்டையோடு நான் தெருவில் இறங்கியதில்லை.

முதுமையில் உடம்புக்குள் ஓர் அழற்சி ஓயாமல் புகைந்துகொண்டிருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. நம் மரபணுவில் பழைய வைரஸ் போன்ற துண்டுகள் உறங்குகின்றனவாம். வயதானபின் அவை விழித்துத் தம்மைப் படியெடுக்க, ஏதோ கிருமி வந்துவிட்டதென்று உடம்பு சண்டைக்கு நிற்கிறதாம். எச்.ஐ.வி.க்காரர்களின் பழைய மாத்திரை ஒன்று அந்தப் படியெடுப்பைத் தடுக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

"கேக்குமான்னு உறுதி கிடையாதுய்யா. அதைப் பாக்கத்தான் ஆராய்ச்சி" என்றார். "பேரு லாமிவுடின்."

அந்தப் பெயரை நான் முன்பே ஒரு சீட்டில் பார்த்திருக்கிறேன். 2003இல், லாரி ஓட்டிய என் தம்பி சிவனாண்டிக்கு எழுதிய சீட்டு. அவன் காசநோயில் போனான் என்று ஊருக்குச் சொன்னேன். அவன் மனைவி ஈஸ்வரி வேறு ஒருவனோடு போய்விட்டாள் என்றும் சொன்னேன். அவளுக்கும் அந்த நோய் இருந்தது. காரியம் முடிந்த அன்றே நான்தான் அவளை மம்சாபுரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டேன்.

என்ன மாத்திரை என்று தெரிந்த உறவினர் ஒருவர் படிவத்தில் கையெழுத்திட வேண்டுமாம். மகனிடம் சொன்னால் செய்தி அவன் மாமனார் வீட்டுக்குப் போய்விடும். வெளியே சொல்லமாட்டாள் என்று நம்பக்கூடிய ஒரே உறவு ஈஸ்வரி. இருபது வருடம் கழித்து மம்சாபுரம் போனேன்.

வாசலில் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"வாங்க" என்றாள். அத்தான் என்று சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த மாத்திரையா? இருபது வருசமா திங்கேன். மொதல்ல கொஞ்ச நாள் தலை கிறுகிறுங்கும். எனக்கு அம்புட்டுதான்." நூலைப் பல்லால் கடித்தாள். "உங்களுக்கு எதுக்கு? உங்க வம்சத்துலதான் யாருக்கும் அந்த நோக்காடு கிடையாதுல்லா."

நான் படிவத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"சீட்டை எடுத்துக்கிட்டு மதுரைக்குப் போனிய. கடையில இல்லைன்னு வந்திய. நெசமாவே இல்லையா?"

"நான் கேக்கல."

ஊசி நின்றது.

"கடை வாசல் வரைக்கும் போனேன். தெரிஞ்ச ஆளு ஒருத்தரு நின்னாரு. திரும்பிட்டேன்."

"அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். அடுத்த ஊக்கை எடுத்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப்பார்த்தாள். "ஏக்கா, ஊக்கு வச்சாச்சா? யாரு இவுக?"

"ராஜபாளையத்துல தெரிஞ்சவுக. நீ பொறவு வாடி."

அவள் போனதும் படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டாள். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தெருப்பக்கம் பார்த்தேன். 'தெரிந்தவர்' என்று எழுதித் தந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் தெருப் பொன்னுராஜ் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை பார்க்க வந்தவர். "என்ன அண்ணாச்சி, இங்கயும் வந்து வரிசையில மொத ஆளா நிக்கிய?" என்று சிரித்தார்.

நர்ஸ் படிவத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சவர்னு போட்டிருக்கு. சொந்தக்காரங்கதான் போடணும் தாத்தா. யாரு இந்த ஈஸ்வரி?"

தூரத்து உறவு என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாய் வரை வந்தது. என்னை நிற்கவைத்துப் பேசிய அவள் முகமும் வந்தது.

"என் தம்பி சம்சாரம்" என்றேன். குரல் கூடத்துக்கே கேட்டிருக்கும்.

நர்ஸ் 'தெரிந்தவர்' என்பதை அடித்துத் திருத்தி எழுதி என்னிடம் ஒரு சுருக்கொப்பம் வாங்கினாள். மாத்திரை டப்பாவைத் தந்தாள். ஆராய்ச்சியில் சிலருக்கு வெறும் மாவு மாத்திரைதானாம்; என் டப்பாவில் இருப்பது எது என்பது டாக்டருக்கே தெரியாதாம். அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

நான் பொன்னுராஜைப் பார்த்தேன்.

"மம்சாபுரத்து ஈஸ்வரிதானே? எங்க வீட்டு ரவிக்கையெல்லாம் அவதான் தைக்கா" என்றார்.

"எம்புட்டு நாளா?"

"அது இருக்கும், பதினஞ்சு வருசம். நம்ம தெருப் பொம்பளைக பாதிப் பேரு அங்கனதான் கொடுக்காக."

"அப்ப சிவனாண்டிக்கு வந்த சீக்கு..."

"தெரியும் அண்ணாச்சி." அவர் தன் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார். "நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டோம். மறுத்துப் பேசினா நீங்க சங்கடப்படுவியள்லா."

பேருந்து நிலையத்தில் மம்சாபுரம் வண்டி புறப்படத் தயாராக நின்றது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. சொன்னாலும் அவள் உட்காரச் சொல்வாள் என்ற நிச்சயம் இல்லை. வண்டி கிளம்பும்வரை படியருகே நின்றேன். பிறகு ராஜபாளையம் பேருந்தில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தேன்.