காலி அறையில் பேசிய தம்பி

என் தம்பி முகுந்தன் வாயைத் திறந்தால் பாதி பொய். செமினி டவுனில் வேலை கிடைத்துவிட்டது, ஹாஸ்டலில் மெத்தை போட்ட சின்ன ரூம் என்று அவன் அனுப்பிய முதல் வாய்ஸ் மெசேஜை அதனால்தான் நான் முழுசாக நம்பவில்லை. சளியோடு கிளம்பிப் போனவன், மூக்கடைத்த குரலில் பேசியிருந்தான். "நான் ஓகே லா, தாமரைக்கா. இங்க கால் பண்ண விடமாட்டாங்க. அம்மாகிட்ட சொல்லிடு."

எனக்கு பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. நாம் பேசி நிறுத்திய பிறகும் ஒலி அறைக்குள் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். மெத்தை, துணி, ஆட்கள் இருந்தால் சட்டென்று அடங்கும். வெறும் சுவர் என்றால் இழுத்துக்கொண்டே போகும். அந்த இழுவை எவ்வளவு நேரம் என்பதை வெறும் பேச்சை வைத்தே கணிக்கும் மென்பொருள் எங்களிடம் இருக்கிறது. பயல் எங்கே ஊர் சுற்றுகிறான் பார்ப்போம் என்று அவன் மெசேஜை அதில் போட்டேன்.

சின்ன ரூமுக்கு அரை வினாடியே அதிகம். இரண்டு வினாடிக்கு மேல் காட்டியது. ஏதோ காலிக் குடோனில் நின்று பேசியிருக்கிறான். வேலை என்று கூட்டிப்போய் ஆட்களை அடைத்துவைக்கும் கும்பல்களைப் பற்றிப் பேப்பரில் படித்தது ஞாபகம் வந்தது.

அடுத்தடுத்து மெசேஜ் வந்தது. சளி போய்க் குரல் தெளிந்திருந்தது. ஆனால் இழுவை ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தது. கிள்ளானில் கல்யாண மண்டபத்தைக் காலையில் திறக்கும்போது பேச்சு அதிரும். ஆட்கள் வந்து உட்கார உட்கார அடங்கிவிடும். அப்படியென்றால் அந்தக் குடோனில் ஆட்களை அடைத்துக்கொண்டே போகிறார்கள். இத்தனை பேர் இருந்தும் பின்னால் ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை.

போலீஸ் நிலையத்துக்கு ஓடினேன். சார்ஜன் தமிழர்தான். பொறுமையாகக் கேட்டார்.

"அவரே நல்லா இருக்கேன்னு சொல்றாரே, தங்கச்சி. சின்னப் பிள்ளையா லா?"

"பேச்சை விடுங்கண்ணே. அந்த ரூமைக் கேளுங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட் எழுதிக்கொண்டார். அதோடு சரி. முகுந்தனிடமிருந்து வந்த மெசேஜும் நின்றுபோனது. அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவள் தாங்கமாட்டாள்.

அம்மாவின் பிறந்தநாளன்று, கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் போன் சத்தம் போட்டது. முகுந்தனின் வாய்ஸ் மெசேஜ்!

"ஹேப்பி பர்த்டேம்மா. என் பேர்லயும் ஒரு அர்ச்சனை பண்ணிடுங்க."

அம்மா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மெசேஜை லேப்டாப்பில் போட்டேன். இரண்டு வினாடிக்கு மேல்! குடோன் மறுபடியும் காலி. எல்லோரையும் விட்டுவிட்டார்கள், இவனும் இன்றோ நாளையோ வந்து நிற்பான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வரட்டும், முதலில் நாலு அறை விட வேண்டும்.

அம்மா திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவம், மறுபடியும் சளி பிடிச்சிருச்சு போல. மூக்கடைச்சுப் பேசறான் பாரேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முதல் மெசேஜை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். அதே இழுவை, அதே மூக்கடைப்பு. ஒரே நாளில் பேசியது. வீட்டில் யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று கேட்டு, அவன் போய்ச் சேர்ந்த அன்றைக்கே பேச வைத்து எடுத்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அவனைப் பேச வைக்க அவர்களால் முடியவில்லை.

"தைலம் தேய்ச்சுக்கச் சொல்லுடி," என்றாள் அம்மா, தலையில் பூ வைத்தபடி.

நான் அவள் கையிலிருந்து போனை வாங்கினேன். "தைலம் தேய்ச்சுக்கோடா, முகுந்தா," என்று பேசி அனுப்பினேன்.

உடனே நீல டிக் விழுந்தது. யாரோ கேட்டுவிட்டார்கள்.