எங்கள் கடையின் ஐந்தில் ஒரு பங்கு

சட்டம் வந்த பிறகு எங்கள் பலசரக்குக் கடையின் ஐந்தில் ஒரு பங்கு சதுப்பு நிலமாயிற்று.

நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நிலம் இல்லாதவர்கள் இருப்பதில் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமையைக் கொடுத்தது. அதற்குள் இப்போது இடுப்பளவு புல் முளைத்திருக்கிறது. பிள்ளைகள் வியாழனிலிருந்து சனிக்குச் சுற்றுவழியாகப் போகிறார்கள். பஸ் கம்பனி கடைசி நிறுத்தங்களை நரிகளுக்கு விட்டது. முடிவெட்டுபவர் ஒவ்வொரு தலையிலும் ஒரு பக்கத்தைத் தொடாமல் விட்டார். ஐரோப்பாவின் இந்தத் தாழ்ந்த மூலையில் சனங்கள் சட்டத்தை மழையைப் போலத்தான் எடுத்துக்கொள்வார்கள். முணுமுணுத்துக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்கள்.

எங்களிடம் கடை மட்டும்தான் இருந்தது. அதுவும் வாடகைக் கடை. நானும் என் மனைவி சுகிர்தாவும் வேன்ஹாவன் என்ற இந்தச் சிறிய துறைமுக ஊரில் அரிசி, கருவாடு, முருங்கைக்காய், மிளகாய்த்தூள் எல்லாம் விற்கிறோம். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் எங்களுடைய ஆட்கள் சனிக்கிழமைகளில் வருவார்கள். சாமான் வாங்கக் கொஞ்ச நேரமும் கதைக்க நிறைய நேரமும் நிற்பார்கள்.

சுற்றாடல் அலுவலகத்திலிருந்து ஆனெலீஸ் என்ற பெண் வந்தார். காலில் மழைச் சப்பாத்து, கையில் நீலச் சோக்கட்டி. கடையை ஒரு முறை சுற்றி வந்து, குனிந்து, தரையில் ஒரு கோடு இழுத்தார். கோடு பருப்புத் தட்டுக்கு முன்னால் தொடங்கி, அரிசி மூட்டைகளை வளைத்துக்கொண்டு, கருவாட்டுப் பெட்டியில் போய் முடிந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் சுகிர்தா. "உந்தக் கோட்டைக் கொஞ்சம் அங்கால, சவர்க்காரப் பக்கம் போடச் சொல்லுங்கோவன். அரிசியை அவையிட்டக் குடுத்திட்டு நாங்கள் என்னெண்டு கடை நடத்துறது?"

நான் அவருடைய மொழியில் கேட்டேன். ஆனெலீஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சவர்க்காரம் நுரைக்கும்," என்றார். "சதுப்பு நிலத்துக்கு அது ஆகாது."

அதில் நியாயம் இருந்தது.

மறுநாள் காலை கோட்டுக்கு அந்தப் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இந்தப் பக்கம் தரை உலர்ந்தே இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் நாணல் வளர்ந்து மேல்தட்டில் இருந்த அப்பளக்கட்டுகளைத் தொட்டது. பிறகு ஒரு குருகு வந்து சேர்ந்தது. பழுப்பு நிறம், நீண்ட கழுத்து. கழுத்தை உயர்த்தி அசையாமல் நின்றால் அது பறவையா நாணலா என்று சொல்ல முடியாது. அதன் குரல் மட்டும் பெரியது. முதல் தடவை அது கத்தியபோது சுகிர்தா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆரோ சங்கு ஊதீனம். ஆற்றையோ செத்தவீடாக்கும்."

"குருகு," என்றேன்.

"அதுக்கு ஆர் செத்தது?"

ஆனெலீஸ் திரும்பவும் வந்து விதிகளைச் சொன்னார். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவை குருகுக்குச் சொந்தம். கை நீட்டக் கூடாது. கடைக்குள் யாரும் உரத்துப் பேசக் கூடாது, பறவைக்குக் கூச்சம். எங்கள் அரிசி எங்கள் கண்முன்னே இருந்தது, நாங்கள் விற்க முடியாமல் இருந்தோம். சுகிர்தா மா வாளியின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊருக்கு நாங்கள் ஒரேயொரு பையோடு வந்து இறங்கிய நாளில் அவள் இப்படித்தான் ரயில் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் அழவில்லை. அவள் அழாமல் இருப்பதைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

அரிசியைக் காப்பாற்றியவர் பரமேசக்கா. எங்கள் வாடிக்கையாளர்களில் அவருக்குத்தான் பெரிய குரல். அந்தச் சனிக்கிழமை அவர் வந்தபோது ஆனெலீஸும் கடையில் இருந்தார், நாணலை அளந்துகொண்டு.

"சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது," என்று ஆனெலீஸ் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பரம்பரை பரம்பரையாகச் சதுப்பு நிலத்தில் இறங்கி எதையாவது எடுத்து வந்தவர்கள் தொடர்ந்து எடுக்கலாம். ஆனால் வேன்ஹாவனில் யார் சேற்றிலிருந்து அரிசி எடுத்தார்கள்?"

நான் இதைப் பரமேசக்காவுக்குச் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கினார். பச்சை அரிசியில் ஒரு பையைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"தம்பி, அவவிட்டச் சொல்லு. எங்கட ஆக்கள் சேத்துக்க நிண்டுதான் அரிசி எடுத்தது. ரெண்டாயிரம் வரியமா வேற எங்க இருந்து எடுத்தவையாம்?"

மொழிபெயர்த்தேன். ஆனெலீஸ் தலையாட்டினார். குருகு கழுத்தைத் திருப்பிப் பரமேசக்காவைப் பார்த்தது. பிறகு ஒரு அடி விலகி வழிவிட்டது.

அதன்பிறகு வாடிக்கையாளர்கள் வெறுங்காலோடு இறங்கி அரிசி எடுத்தார்கள். ஒரு துவாலையைக் கோட்டின் ஓரத்தில் தொங்கவிட்டோம். தூர ஊர்களிலிருந்து தொலைநோக்கியோடு பறவை பார்க்க வந்தவர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள், நின்றவர்களுக்குப் பசித்தது, சுகிர்தா மீன் ரோல்ஸ் பொரித்தாள். வியாபாரம் பரவாயில்லை.

ஆனால் கடையில் கதைப்பது நின்றுபோயிற்று. எங்கள் ஆட்களுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. கிசுகிசுத்துச் சொன்னால் சாதாரணச் செய்தியும் கள்ளச் செய்தி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு பெண் தன் மகள் சோதனையில் பாஸாகிவிட்டாள் என்று மெதுவாகச் சொன்னதைக் கேட்டவர்கள் அனுதாபத்தோடு அவள் கையைப் பிடித்தார்கள். பிறகு சனங்கள் சாமானை எடுத்துக்கொண்டு உடனே போகத் தொடங்கினார்கள். பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம் நடந்தது. எங்கள் கடையில் சொல்ல முடியாததால் யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையே பிந்தித்தான் போனாராம்.

இந்த நிலையில் கட்டட உரிமையாளர் கோர்னேலிஸ் வந்தார். உயரமான, மரியாதையான மனிதர். விதிப்படி என் காதருகே குனிந்து பேசினார்.

"கோடை முடிந்ததும் இந்தக் கட்டடத்தை இடிக்கிறேன், குகதாசன். கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறேன்."

"குருகு இருக்கிறதே?"

"அது இங்கே விருந்தாளிதான். கூடு கட்டவில்லை. கூடில்லாத பறவையை வேறிடத்துக்கு அனுப்பலாம். கார் நிறுத்துமிடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு விட்டுவிடுவேன். நான் சட்டத்தை மதிப்பவன்."

"நாங்கள்?"

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்களைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை," என்றார்.

அவர் போன பிறகு சுகிர்தாவிடம் சொன்னேன். அவள் பொரித்த ரோல்ஸ்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "இன்னொருக்கா முதல்லயிருந்து தொடங்க என்னால ஏலாதப்பா," என்றாள். நான் ஆனெலீஸின் அலுவலகத்துக்கு நடந்தேன்.

ஆனெலீஸ் முழுவதையும் கேட்டுவிட்டு, இப்படியான இடங்களில் இயற்கையின் தேவை, பொருளாதாரத்தின் தேவை, சமூகத்தின் தேவை மூன்றையும் சமநிலைப்படுத்த வேண்டும் என்று சட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருப்பதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை ஒரு தராசோடு வந்தார். மூன்று தட்டுத் தராசு. கடையின் முகட்டில் கொளுவி மாட்டினார். ஒரு தட்டு தண்ணீருக்கு மேலே தொங்கியது. மற்ற இரண்டும் எங்கள் பக்கம்.

"எது இல்லாமல் இருக்க முடியாதோ அதை அவரவர் தட்டில் வையுங்கள்," என்றார்.

பொருளாதாரத்தின் தட்டுக்கு நானும் கோர்னேலிஸும் சேர்ந்து முன்னே வந்தோம். பொருளாதாரம் தான்தான் என்று அவர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். ஒரு தட்டுதான் இருக்கிறது என்றார் ஆனெலீஸ். எனவே கோர்னேலிஸ் கார் நிறுத்துமிடத்தின் வரைபடத்தை வைத்தார், நான் கடைப் பூட்டின் திறப்பை வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டதில் தட்டு வெறுமையாக இருந்தபோது நின்றதைவிடச் சற்று மேலே போனது.

சமூகத்தின் தட்டுக்குச் சுகிர்தா போனாள். குனிந்து, தட்டுக்குள் ஏதோ சொன்னாள். தட்டு அசைந்தது. பரமேசக்கா அவளை மெதுவாக விலக்கிவிட்டு அதற்குள் வாயை வைத்து நெடுநேரம் சொன்னார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. மாதக்கணக்காகச் சொல்ல முடியாமல் வைத்திருந்த பிறப்புகள், இறப்புகள், வீடு வாங்கியது, ஆளை விட்டுப் போனது, திரும்பி வந்தது, ஆருக்கும் சொல்லிப்போடாதேயுங்கோ என்று தொடங்கும் எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. தட்டு தரையில் இடித்து நின்றது. சங்கிலி இறுகிக் கிறீச்சிட்டது. இயற்கையின் தட்டு முகட்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

ஆனெலீஸ் கவலையோடு நாணலைப் பார்த்தார். "குருகின் முறை," என்றார்.

குருகு அசையவில்லை. அப்பளக்கட்டுகளுக்குக் கீழே நாணலாகவே நின்றது. கோர்னேலிஸ் தொண்டையைச் செருமி, வராதவர்களின் தட்டைக் கழற்றிவிடலாம் என்றார். விதிப்படி அது சரிதான். ஆனெலீஸ் ஏணியை எடுத்தார். அப்போது சுகிர்தா கருவாட்டுப் பெட்டிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து, ஒரு நெத்தலியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டாமல் பேசினாள்.

"இஞ்ச பார் பிள்ளை. உன்னையும் அனுப்பப் போறாங்கள், எங்களையும் அனுப்பப் போறாங்கள். எனக்குப் போற இடம் தெரியாது. உனக்குத் தெரியுமோ?"

குருகு நெத்தலியை எடுக்கவில்லை. ஆனால் இரண்டு எட்டு வைத்துப் பறந்து, முகட்டோடு ஒட்டியிருந்த தட்டில் ஏறி நின்றது. தட்டு ஒரு விரற்கடைதான் இறங்கியது. குருகு சுற்றிலும் எல்லாரையும் பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. சிறிது நேரம் கழித்துக் கொஞ்சம் எழும்பி நின்றது. அதன் கீழே ஒரு முட்டை இருந்தது.

தட்டு நேராக இறங்கி வந்தது. சமூகத்தின் தட்டு தரையைவிட்டு எழும்பியது. மூன்று தட்டுகளும் ஒரே மட்டத்தில் நின்றன.

"சமநிலை," என்றார் ஆனெலீஸ். அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருட வேலையில் இதைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

சமநிலையைக் குலைக்கக் கூடாது என்பதால் தட்டுகளில் இருப்பதை யாரும் எடுக்க முடியாது. கோர்னேலிஸின் வரைபடம் தட்டிலேயே இருந்துவிட்டது. வரைபடம் இல்லாமல் இடிக்கவோ கட்டவோ முடியாது. என் திறப்பும் அங்கேயே இருந்துவிட்டது. அன்றிலிருந்து கடையைப் பூட்ட முடிவதில்லை. சனங்கள் சொன்ன செய்திகளும் அப்படித்தான். பரமேசக்கா தன் தங்கச்சியின் விஷயத்தைத் திரும்பச் சொல்லப் பார்த்தார், வாயில் வரவில்லை.

"போகட்டும். புதுசா ஏதும் நடக்காமலே விடப்போகுது?" என்றார்.

சத்தத்தைப் பற்றியும் கேட்டோம். முட்டையிட்டுவிட்டதால் குருகு இனி விருந்தாளி இல்லை, வீட்டுக்காரி. வீட்டில் வீட்டுக்காரியின் குரலுக்கு மேலே மற்றவர்களின் குரல் போகக் கூடாது, அவ்வளவுதான் என்று ஆனெலீஸ் தீர்ப்புச் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் குருகு கத்தியது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. பரமேசக்கா அந்த உயரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அதைவிட ஒரு இழை குறைவாகக் கதைக்கத் தொடங்கினார்.

கோர்னேலிஸ் அன்றைக்குப் போகவில்லை. தன் வரைபடத்துக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டார். பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் வந்தார். இப்போது காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வயதானவர்களுக்கு அரிசி இறக்கிக் கொடுக்கிறார். இன்னாருக்கு வீடு பார்க்கிறார்களாம், இன்னாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம் என்பதெல்லாம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது. பரமேசக்கா அவரைக் கொர்ணா என்று கூப்பிடுகிறார்.

முட்டைகள் நாலாகி, குஞ்சுகள் பொரித்தன. தட்டுகளின் மட்டம் மாறாமல் இருப்பதற்காக, ஒரு குஞ்சு கொழுத்தால் அந்த வாரம் யாராவது ஒரு செய்தியைச் சமூகத்தின் தட்டில் போடவேண்டும். நானும் கோர்னேலிஸும் எங்கள் தட்டில் ஆளுக்கு ஒரு கவலையை வைப்போம். இரண்டு பேரிடமும் இருந்தது.

கோடை முடிகிற சமயம் ஒரு காலை கடல் வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. பக்கவாட்டாகத் திரும்பி உள்ளே நுழைந்து, வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. அந்தப் பெண் தன் பையைத் தரையிலிருந்து தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் முறை முடிந்ததும் கடல் முன்னே வந்து, உப்பு இருக்கிறதா என்று கேட்டது.

"கல்லுப்போ, தூளுப்போ?" என்றாள் சுகிர்தா.