எதிர்வீட்டுச் சுவர்

என் பெயருக்கு முன்னால் ‘ஓவியர்’ என்று நானே போட்டுக்கொண்டேன். கொழும்பில் ஒன்றரை வருடம் சினிமா விளம்பரப் பலகைகளுக்கு நீல வானம் பூசியிருந்தேன். நடிகர் முகங்களைத் தூரிகையால் கீற வேறு ஆட்கள் இருந்தார்கள். கல்முனைக்குத் திரும்பிய பிறகு அந்த வானத்தையே ஓவியப் படிப்பு என்று சொல்லித் திரிந்தேன். யாரும் துருவிக் கேட்கவில்லை.

கலியாணம் முடித்து நான் வந்து சேர்ந்த ஒழுங்கை, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒடுங்கிய சந்தாகக் கிடந்தது. எழுபத்தெட்டில் வந்த சூறாவளி அங்கிருந்த ஓடுகளையெல்லாம் வாரிக்கொண்டு போனது. இரண்டு வருடமாகியும் பாதி வீடுகளில் தென்னோலைக் கிடுகுக் கூரைதான். ஊர் அதற்கு ‘ஓடில்லா ஒழுங்கை’ என்று பெயர் வைத்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு முன் வீட்டைப் பார்ப்பார்கள், வீட்டுக்கு முன் ஒழுங்கையைப் பார்ப்பார்கள். என் மனைவி றாபியாவின் தங்கை ஸகியாவைக் கேட்டு வந்த இரண்டு குடும்பங்கள் ஒழுங்கை முனையிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பின. மூன்றாவதாக மருதமுனையிலிருந்து ஒரு கைத்தறிக் கடைக்காரக் குடும்பம் வரப்போகிறது. இதுவும் கைநழுவினால் இனி யார் வருவார்கள் என்று றாபியாவின் தாய், என் மாமி, அழுதார்.

“ஒழுங்கைய நான் திருத்துறன்” என்றேன். றாபியா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

எங்கள் வளவிலேயே ஸகியாவுக்கென்று ஒரு சிறிய வீடு இருந்தது. அதன் விறாந்தையில் உட்கார்ந்தால் கண்ணில் படுவது எதிர்வீட்டுச் சுவர். பார்க்கிறவர் உட்காரும் இடத்திலிருந்து அல்லவா காட்சியை யோசிக்க வேண்டும்? எதிர்வீட்டு முகம்மது தம்பியிடம் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார். நான் சுண்ணாம்பு அடித்து முடித்த பிறகு அவர் மனைவி சரீபா வெளியே வந்தார்.

“ஆர்ட்டக் கேட்டு அடிக்கீங்க?”

“உங்கட மாப்பிள்ளதான் ஓமெண்டார்” என்று அவர் கணவரைக் காட்டினேன்.

“அவரும் உங்களப் போல வந்து குடியிரிக்கிறவர்தான். சுவர் என்ட. கீறுறதெண்டா வடிவாக் கீறணும். அரகுறையா உட்டா உங்களக் கொண்டே கழுவ வெப்பன்.”

அந்தப் பயத்தில் என் வாழ்நாள் முழுத் திறமையையும் சரீபாவின் சுவரில் கொட்டினேன். உயிருள்ளது எதையும் கீறக்கூடாது என்று பள்ளிவாசல் மரைக்கார் சொல்லியிருந்தார். ஆகவே ஒரு கொக்குகூட இல்லாமல் பச்சைப் பசேலென்று வயல், வாய்க்கால், தூரத்தில் மலை, மேலே எனக்கு நன்றாகக் கைவந்த வானம். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் வாசலைக் கூட்டினார்கள். அடுத்தவர் கழிவுநீர்க் கானைத் துப்புரவாக்கினார். என்னைக் கூப்பிட்டுத் தங்கள் சுவரையும் காட்டினார்கள். ஒருவர் ஓடுகூடப் போட்டார். நான் எல்லாச் சுவரையும் கீறி ஸகியாவின் சுவருக்கு வந்தபோது சாயம் முடிந்திருந்தது. வெறும் வெள்ளை அடித்துவிட்டேன்.

மருதமுனைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஹவ்வா உம்மா ஸகியாவின் விறாந்தையில் உட்கார்ந்து, எதிரே பார்த்து, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆரு இத கீறின?”

என் கால் தரையில் இல்லை. உள்ளே ஸகியா புதுச் சாரி உடுத்துக் காத்திருந்தாள். பெண்கள் எழுந்து உள்ளே போய் அவளைப் பார்ப்பதுதான் மிச்சம். மாமி எனக்கு இரண்டு தடவை கண்ணைக் காட்டினார். நான் பச்சையில் எவ்வளவு மஞ்சள் சேர்க்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

“அந்த ஊட்டுல குமர் இரிக்கா?” என்று கேட்டார் ஹவ்வா உம்மா.

“ஓம், சரீபாட மகள் சுபைறா எண்டு ஒரு புள்ள இரிக்கி” என்று பதில் சொன்னது யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

நோன்புக்கு முன்பே ஹவ்வா உம்மாவின் மகனுக்கும் சுபைறாவுக்கும் கலியாணம் நடந்தது. வேறு ஒழுங்கைகளிலிருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். ஊரே ஓவியர் என்றது. வீட்டில் மட்டும் றாபியா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். மாமி என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

ஹவ்வா உம்மா மகனைப் பார்க்க அடிக்கடி வந்தார். சரீபாவின் வாசலில் வெற்றிலையோடு உட்காருவார். அவருக்கு இளைய மகன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் என் மூளை மறுபடி வேலை செய்தது. இப்போது அவருக்கு எதிரே இருப்பது எங்கள் வளவில் ஸகியாவின் வெள்ளைச் சுவர். உடனே சாயம் குழைத்தேன்.

“என்ன மச்சான் செய்றீங்க?” ஸகியா பின்னால் நின்றாள்.

“உன்ட சுவர்ல கடல் கீறப் போறன். அவங்க அங்கயிரிந்து பாத்தா...”

தூரிகையைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

“அண்டைக்கு அவ்வளவு நேரம் உள்ளுக்கு இரிந்தன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல்ல. நீங்களும் நான் இரிக்கனெண்டு சொல்லல்ல. இனி இந்தச் சுவர்ல ஒண்டும் வேணாம். பாக்கிறவங்க என்னப் பாக்கட்டும்.”

கதிரையொன்றைத் தூக்கி வந்து சுவருக்கு முன்னால் போட்டு, ஒழுங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். “உள்ளுக்கு வாகா!” என்று மாமி பதறினார். அவள் அசையவில்லை. அந்த வெறும் வெள்ளைக்கு முன்னால் அவள் முகம் ஒழுங்கை முனை வரைக்கும் தெரிந்தது. அன்றும் எதிர்வாசலில் இருந்த ஹவ்வா உம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு, என் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளையே பார்த்தார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.